கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று வகுப்பைப் பிரிக்கலாமா?

வேம்படி

ஆறாம் வகுப்பு, 38 பிள்ளைகள், 40 நிமிடப் பீரியட். பாடம் வேற்றினப் பின்னங்களின் (பகுதி, அதாவது கீழெண், வேறுவேறான பின்னங்களின்) கூட்டல். ஒரு வினாத்தாள் கொடுத்து, பிள்ளைகளைப் "பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்" என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பாடக்குறிப்பு எழுதலாம் என்ற யோசனையைப் பல இடங்களில் பார்க்கிறோம். அப்படிச் செய்தால் ஒரு குழுவுக்கு 13 நிமிடம்தான் தேறும். இதனால் பலன் உண்டா? இல்லை என்றால், பிள்ளைக்குப் பிள்ளை கற்பது வேறுபடுகிறதே, அதற்கு என்ன பதில்? பின்னத்தையே எடுத்துக்கொண்டு யாராவது சொன்னால் உதவும். படம், பாட்டு, மடிப்புத் தாள் எல்லாம் தயார். எதை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

எண்சுவடி

பிரிக்க வேண்டாம் சார். 13 நிமிடப் பிரச்சினையை விடுங்கள், அடிப்படையே உறுதியாக இல்லை.

கற்றல் பாணி என்ற பெயரில் புழங்குவது ஒரே ஒரு கொள்கை கிடையாது. 2004இல் ஆய்வாளர் காஃபீல்டும் குழுவினரும் கணக்கெடுத்தபோது 71 மாதிரிகள் இருந்தன. நம் பக்கம் அதிகம் தெரிந்தது நீல் ஃபிளெமிங் 1992இல் வெளியிட்ட வார்க் வினாப்பட்டியல்: பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல். அது ஒரு பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதைத்தான் கேட்டறிகிறது. பிடித்த வழியில் கொடுத்தால் கூடுதலாகக் கற்பானா என்பது தனிக் கேள்வி. அதற்குத் தனியாகச் சோதனை வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதை 2008இல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியார்க் நால்வரும் தெளிவாக வரையறுத்தார்கள். பிள்ளைகளை முதலில் பாணி வாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பாணியிலும் பாதிப் பேருக்குப் படத்தாலும் பாதிப் பேருக்குச் சொல்லாலும் பாடம் நடத்த வேண்டும். குலுக்கிப் போட்டுத்தான் யாருக்கு எது என்று முடிவு செய்ய வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. "பார்ப்பவர்" படத்தால் கற்றபோதும் "கேட்பவர்" சொல்லால் கற்றபோதும் அதிக மதிப்பெண் எடுத்தால்தான் கொள்கை நிற்கும். எல்லோருக்குமே படம் உதவியிருந்தால் அது படத்தின் நன்மை, பாணிப் பொருத்தம் ஆகாது. இந்த முறைப்படி நடந்த ஆய்வுகளைத் தேடியபோது, வகுப்பறையில் பணமும் நேரமும் செலவழிக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே அவர்கள் முடித்தார்கள்.

மணல்தட்டு

எண்சுவடி சொல்வதில் மறுப்பில்லை. ஆனால் "எல்லோருக்கும் ஒரே பாடம்" என்று அதிலிருந்து தாவிவிடக் கூடாது. தொடக்கப் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும். அங்கே வேறுபாடு நிஜம்.

செயல்வழிக் கற்றல் அதற்காகத்தான் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையை எடுத்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். கற்க வேண்டியதைப் படிப்படியாக அடுக்கிய ஏணிப்படி, சின்னம் போட்ட அட்டைகள், கைக்கெட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தல். ஆசிரியர் துணை, பகுதி ஆசிரியர் துணை, சகமாணவர் துணை, சுயமாகச் செய்வது என்று குழுக்கள். அதில் எங்கேயும் "இவன் கண்ணால் கற்பவன்" என்று பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏணியில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, அந்தப் படிக்கு ஆசிரியர் எவ்வளவு கிட்டே இருக்க வேண்டும், இந்த இரண்டை வைத்துத்தான் பிரிப்பு.

அது சறுக்கிய இடங்களும் சொல்லத் தக்கவை. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் அந்தப் படியே அறுந்துவிடும். மாற்று அட்டை வரும்வரை பிள்ளை தாண்டிப் போகும் அல்லது தேங்கி நிற்கும். ஆசிரியர் துணைக் குழுவில் ஆறு பேருக்கு மேல் சேர்ந்தால், மற்ற குழுக்கள் அட்டையை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வகுப்பு முழுவதும் ஒரே கதையைக் கேட்டு ஒன்றாகப் பேசுகிற நேரம் சுருங்கியது. சின்ன வயதில் சொல்வளம் வருவது அந்தப் பேச்சில்தான்.

தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிப்பு இருக்கிறது. அதுவும் நிலையைப் பார்த்த பிரிப்பு. நிலை மாறும். மாற வேண்டும். ஜூன் மாதம் அரும்பில் இருந்த பிள்ளை டிசம்பரிலும் அதே பாயில் உட்கார்ந்திருந்தால், குழுப் பெயர் பிள்ளையின் பெயராகிவிட்டது என்று அர்த்தம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரிப்பைக் கலைத்துப் போட வேண்டும்.

தென்பொருநை

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. பவணந்தி முனிவர் நன்னூல் பொதுப்பாயிரத்தில் நூல் கற்பிக்கும் முறையைச் சொல்லும்போது "கொள்வோன் கொள்வகை அறிந்து" என்கிறார். இந்தக் கொள்வகையைத்தான் இப்போது சிலர் கற்றல் பாணி என்று பெயர்த்துவிடுகிறார்கள். அது பொருந்தாது என்பது என் வாசிப்பு.

அதே பாயிரத்தில் மாணாக்கருக்கு எட்டு உவமை வருகிறது: அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டும் பன்னாடை). எட்டில் ஒன்றாவது கண், காது என்று புலனைச் சொல்கிறதா? அன்னம் பிரித்தெடுக்கும். பசு மேய்ந்துவந்து பிறகு அசைபோடும். மண் உழவன் பட்ட பாட்டுக்குத் தக்க விளையும். கிளி சொன்னதையே சொல்லும். ஆடு அங்கொரு வாய் இங்கொரு வாய் கடிக்கும். ஓட்டைக் குடத்தில் தங்காது. வந்த பாடத்தைப் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் அங்கே அளவுகோல். பின்னக் கூட்டலில் கிளியாக இருக்கிற பிள்ளை, கதை எழுதும்போது அன்னமாக இருக்கும். ஆகவே இதையும் ஆளுக்கு ஒட்டும் சீட்டாக எடுக்கக் கூடாது, பாடத்துக்குப் பாடம் பார்க்க வேண்டும்.

எந்தப் புலன் என்பதைப் பாடப்பொருளே தீர்மானிக்கும். ல, ள, ழ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். "பார்த்துக் கற்பவர்" என்று ஒரு குழுவுக்கு எழுத்தட்டை மட்டும் காட்டினால் ஒலி வராது. "கேட்டுக் கற்பவர்" என்று ஒலியை மட்டும் கொடுத்தால் வாயில் எங்கே தவறுகிறது என்று தெரியாது. எல்லாப் பிள்ளைக்கும் மூன்றும் வேண்டும். முதலில் கேட்க வேண்டும்: வால், வாள், வாழ். பிறகு ஆசிரியரின் வாயைப் பார்க்க வேண்டும். லகரத்தில் நாக்கு நுனி மேற்பல்லின் அடியில் நிற்கிறது. ளகரத்தில் மடங்கி மேலண்ணத்தைத் தொடுகிறது. ழகரத்தில் இன்னும் உள்ளே வளைந்து, முழுக்க ஒட்டாமல் நிற்கிறது. அதன்பிறகு தானே சொல்லிப் பார்த்து, கடைசியில்தான் எழுத்து. எழுத்தட்டையில் தொடங்கினால் மூன்றையும் ஒரே ஒலியாகப் படித்துப் பழகிவிடும். பிறகு சொல்வதெழுதுதலில் "பல்லிக்கூடம்" வரும்.

ண, ந, ன குழப்பத்துக்கு நேர்மாறான வழி. அங்கே காது பெரிதாக உதவாது, பக்கத்து எழுத்தைப் பார்க்கப் பழக்க வேண்டும். டகரத்துக்கு முன் ண, தகரத்துக்கு முன் ந, றகரத்துக்கு முன் ன: வண்டு, பந்து, கன்று. ஒரே மொழிப் பாடம், இரண்டு பிழை, இரண்டு வழி. பிள்ளை மாறவில்லை, பொருள்தான் மாறியது.

கரிசல்மண்

வேம்படி சார் கேட்ட பின்னத்துக்கு வருகிறேன். 38 பேருக்கும் ஒரே தொடக்கம், 24ஆம் நிமிடத்தில் பிரிப்பு. வேண்டியவை: ஆளுக்கு ஒரு சிலேட்டு, ஆளுக்கு ஒரு தாள், கட்டம் போட்ட கணக்கு நோட்டு.

முதல் 5 நிமிடம் சிலேட்டில் மூன்று பழைய கணக்கு. 4, 6 இவற்றின் மீச்சிறு பொது மடங்கு என்ன? 2/3ஐப் பகுதி 12 ஆக மாற்றினால் தொகுதி (மேலெண்) என்ன? 3/8 + 2/8 எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் "காட்டு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிலேட்டைத் தூக்க வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் இருக்க அதுதான் வழி. கல்வி ஆய்வாளர் ரோசன்ஷைன் 80 விழுக்காட்டை நல்ல அளவு என்று சொல்வார். 38க்கு 30 பேர். இரண்டாவது கணக்கில் 30 பேர் தேறவில்லை என்றால் புதுப் பாடத்தைத் தொடாதீர்கள். சமான பின்னம் வராத பிள்ளைக்கு வேற்றினக் கூட்டல் வெறும் மந்திரம்.

5 முதல் 13 வரை மடிப்பு. தாளை நீளவாக்கில் இரண்டாகவும், அகலவாக்கில் கடிதம் மடிப்பதுபோல் மூன்றாகவும் மடித்தால் ஆறு கட்டம். பாதிக்கு மூன்று கட்டத்தில் கோடு. மூன்றில் ஒன்றுக்கு மீதியில் இரண்டு கட்டத்தில் புள்ளி. மொத்தம் ஐந்து கட்டம், 5/6. மடிக்க மடிக்கவே பலகையில் 1/2 = 3/6, 1/3 = 2/6 என்று எழுத வேண்டும். மடிப்பு முடிந்து பத்து நிமிடம் கழித்து எழுதினால் தாள் வேறு, கணக்கு வேறு என்று நின்றுவிடும். "செய்து கற்றல்" தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். கை வேலை நடந்தது, குறியீட்டோடு இணையவில்லை.

வட்டத் தோசைப் படம் வேண்டாம். வட்டத்தைக் கையால் மூன்று சமபாகம் ஆக்க வராது, பாகம் சமமா என்ற சண்டையிலேயே நேரம் போய்விடும். இரண்டு பின்னத்துக்கு இரண்டு வெவ்வேறு அளவுத் தாளும் கூடாது. முழுமை ஒன்றாக இருந்தால்தான் கூட்டவே முடியும்.

13 முதல் 20 வரை செய்துகாட்டிய கணக்குகள். 1/4 + 1/6 = 3/12 + 2/12 = 5/12 என்று முழுவதும் ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அடுத்து 2/3 + 1/4 = 8/12 + 3/12 வரை எழுதிவிட்டுக் கடைசிப் படியைப் பிள்ளை நிரப்பட்டும். அதற்கடுத்து 1/2 + 2/5 என்று மட்டும் எழுதிப் பகுதி 10 என்று குறிப்புக் கொடுத்தால் போதும். துணையை ஒவ்வொரு படியாக எடுக்க வேண்டும், ஒரேயடியாகப் பிடுங்கக் கூடாது.

20 முதல் 24 வரை ஒரே கேள்வி. 1/3 + 1/4 = ? அ) 2/7 ஆ) 7/12 இ) 2/12 ஈ) 1/12. சிலேட்டில் ஓர் எழுத்து. தவறான ஒவ்வொரு விடையும் ஒரு தனி நோயைக் காட்டும்.

"அ" எழுதியவர் மேலே மேலோடும் கீழே கீழோடும் கூட்டியிருக்கிறார். பாகத்தின் அளவு மனதில் இல்லை. அவரிடம் விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. 1/3க்கும் 2/7க்கும் ஒரே நீளத்தில் இரண்டு பட்டை வரையச் சொல்லுங்கள். 2/7 சிறியது. கூட்டிய பிறகு எப்படிக் குறையும் என்று பிள்ளையே நிமிர்ந்து பார்க்கும். "இ" எழுதியவருக்குப் பொதுப் பகுதி பிடிபட்டிருக்கிறது, தொகுதியை மாற்ற மறந்தார். இரண்டு நிமிட வேலை. "ஈ" பெருக்கலோடு கலந்துவிட்டது. கூட்டலா பெருக்கலா என்று குறியை வட்டமிட்டுவிட்டுத் தொடங்கும் பழக்கம் அவருக்கு உதவும்.

24 முதல் 36 வரை "அ" குழு முன்பக்கம் ஆசிரியரிடம். "இ", "ஈ" குழுக்களுக்குப் பாதி செய்த கணக்கு நான்கு. "ஆ" குழுவுக்கு 3/4 + 5/6 போல ஒன்றைத் தாண்டும் கணக்குகள், கூடவே கூட்டி 11/12 வரும்படி இரண்டு பின்னம் கண்டுபிடிக்கும் வேலை. கடைசி 4 நிமிடம் நோட்டை மூடிவிட்டு, மாதிரி பார்க்காமல் ஒரு கணக்கு.

பனையோலை

இலங்கையில் 2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு 5 ஈ மாதிரி வந்தது, ஆங்கிலத்தில் E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள்: ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். கரிசல்மண் சொன்ன பாடத்தில் விளக்கம் முந்துது, கண்டறிதல் பிந்துது. பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்க இடம் விடாமல் ஆசிரியரே செய்துகாட்டினால், அது ஆசிரியரே எழுதி, ஆசிரியரே பேசுற பழைய "சோக் அன்ட் ரோக்" தானே?

கரிசல்மண்

நியாயமான கேள்வி. 5 ஈ முறையில் பிழை இல்லை, எந்தக் கட்டத்தில் இருக்கிற பிள்ளைக்கு என்பதில்தான் சிக்கல். ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் காட்டியது இது: புதிதாகத் தொடங்குபவருக்குச் செய்துகாட்டிய கணக்கு, அவரையே தேடவிடுவதைவிட வேகமாகக் கற்றுத் தந்தது. ஒரே சமயத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய புது விஷயம் நாலைந்துதான். தேடுவதிலேயே அது நிரம்பிவிட்டால் எதைக் கற்றோம் என்பது தங்காது. ஆனால் பிள்ளை தேறிய பிறகு அதே செய்துகாட்டல் பாரமாகிவிடும். கல்யூகா குழுவினர் அதைத் தனியாக எழுதியிருக்கிறார்கள். எனவே "ஆ" குழுவுக்குக் கண்டறிதல், "அ" குழுவுக்கு விளக்கம். அடுத்த வாரம் "அ" குழுவும் கண்டறிதலுக்கு வர வேண்டும்.

ஆசிரியரின் பாணியும் அப்படித்தான். சிலருக்குப் பேசி நடத்துவது இயல்பு, சிலருக்குக் குழுவில் விடுவது. இயல்பு எதுவானாலும், பாடத்தின் தொடக்கத்தில் நெருங்கி நிற்கவும் முடிவில் விலகி நிற்கவும் பழக வேண்டும்.

பனையோலை

சரி, அந்தப் பிரிப்பு விளங்குது. கண்டறிதல் கட்டம் 40 நிமிடத்தில் 30ஐத் தின்றுவிட, விளக்கல் மணி அடித்தபிறகு ஓடுற பாடங்கள் கனக்க. நேரத்தை முதலே பலகை ஓரத்தில் எழுதி வைத்தால் அது குறையும். அறிவியலில் கண்டறிதலை முன்னுக்கு வைக்கலாம், ஆனால் ஒரு கேள்வியோடு: மிதக்குமா, தாழுமா என்று பிள்ளைகள் முதலில் ஊகம் எழுதிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேணும். ஊகம் எழுதாத பரிசோதனை வெறும் வேடிக்கை பார்ப்பதாகவே முடியும்.

நெய்தல்

ஒரு முக்கியமான விஷயம் விடுபடுகிறது. கற்றல் பாணிக்கு ஆதாரம் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, உண்மையான புலன் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் ஒதுக்கிவிடக் கூடாது. "கேட்டுக் கற்பவன்" என்று எழுதி வைத்த பிள்ளைக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம். பலகை தெரியாததால்தான் காதை நம்புகிறது. அந்தச் சீட்டு ஒட்டியதும் யாரும் கண்ணைச் சோதிக்க மாட்டார்கள். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள்: கண்ணைச் சுருக்குவது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து எழுதுவது, பலகையில் இருப்பதை வரி தாண்டி எழுதுவது. கடைசி வரிசை 7 மீட்டர் தள்ளி இருந்தால் பலகை எழுத்து 5 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்பீஸ் வேண்டாம், நிறக்குறை உள்ள ஆண் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுப் பளபளக்கிறதா என்று மூன்று மூலையில் உட்கார்ந்து பாருங்கள்.

பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினால் காது மந்தமான பிள்ளைக்கு உதடு தெரியாமல் போகும். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள்.

வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும், துணைக்காலும் ரகரமும் தொடர்ந்து குழம்பும். திடீரென எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். கணக்கில் கேள்வியை வாசித்துக் காட்டினால் விடை சரியாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கணக்கு தெரியும், வாசிப்புதான் தடை. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் அந்த வேறுபாட்டை நோட்டோடு காட்டுங்கள்.

வேம்படி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. வாய்க்கேள்வி கேட்டால் அதே ஐந்து பேர்தான் கை தூக்குகிறார்கள். இன்னொன்று, அன்றைக்கு நன்றாகச் செய்கிறார்கள், அடுத்த திங்கள்கிழமை மறந்துபோகிறது.

எண்சுவடி

முதலாவதற்கு ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டது: கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் பொறுக்கிறார்கள். அதை 3 நொடி ஆக்கினால் பதில் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குவார்கள். கேள்வி முதலில், 3 நொடி மௌனம், பிறகுதான் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற 37 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவதற்கு ரோடிகர், கார்ப்பிக் 2006இல் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடத்தில் 81 விழுக்காடு நினைவுபடுத்தினார்கள். படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42க்கு 56. அன்றைக்கு நன்றாகத் தெரிவதும் தங்குவதும் ஒன்றல்ல.

கலந்து பயிற்சி கொடுப்பதும் அப்படியே. ரோரர், டெய்லர் 2007இல் கணக்கில் பார்த்தார்கள். ஒரே வகையாகச் செய்தவர்கள் பயிற்சியில் 89 விழுக்காடு, கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்த தேர்வில் ஒரே வகை 20, கலந்தது 63. பயிற்சியின்போது தடுமாறுவதைப் பார்த்துப் பயந்து கலப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

தென்பொருநை

"கேட்டவை நினைத்தல்" என்று நன்னூல் தனியாக ஒரு கடமையாகச் சொல்வது இதைத்தான். ஆசான் சொன்னதால் கால் பங்கு, உடன் பயில்வோரால் கால் பங்கு, பிறர்க்கு உரைப்பதால் மீதி அரைப் பங்கு என்று கணக்கும் வைக்கிறது. எண்களை அப்படியே எடுக்க வேண்டியதில்லை, பிள்ளை வாய் திறந்து விளக்க வேண்டும் என்ற அழுத்தம் சரி. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மூத்த மாணவர், அந்த வேலையைத்தான் செய்தார். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் விடுதியில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆண்ட்ரூ பெல், 1797இல் அதை லண்டனில் வெளியிட்டு மெட்ராஸ் முறை என்று பெயர் வாங்கினார்.

அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. தெரிந்த பிள்ளை விடையைச் சொல்லிக் கொடுத்தால் கேட்கிற பிள்ளைக்கு ஒன்றும் சேராது. "அடுத்து என்ன செய்யணும், ஏன்?" என்ற இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எழுதுகோல் கேட்கிற பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

கரிசல்மண்

வீட்டுப் பாடத்தில் அதைப் பொருத்திவிடலாம். பத்துக் கணக்கும் பின்னக் கூட்டலாக வேண்டாம். நான்கு வேற்றினக் கூட்டல், இரண்டு ஓரினக் கூட்டல், இரண்டு சமான பின்னம், போன மாதப் பாடத்திலிருந்து இரண்டு. வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். திங்கள்கிழமை முதல் 5 நிமிடச் சிலேட்டில் 1/3 + 1/4 போலவே 1/2 + 1/5 வையுங்கள், விடை 7/10. 2/7 எழுதுகிற பிள்ளை இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முன்பக்கம் வர வேண்டிய குழு அதுதான்.

வேம்படி

அந்தத் திங்கள்கிழமை எண்ணிக்கைக்குத் தேதி, கேள்வி, அ, இ, ஈ என்று ஐந்து பத்தியில் ஒரு தாள் கோடு போட்டுவிட்டேன். மூன்று பாடக்குறிப்பை விட்டுவிடுகிறேன்.